கைவிடப்பட்ட விமானத் திடல்கள் – பகுதி 7: ஓடுதளமும் வரப்பும்

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்தின் புன்செய் நிலங்களைச் சமன்செய்து அமைக்கப்பட்ட விமானத் திடல்கள், போர் முடிந்தபின் இரு வேறு வழிகளில் பிரிந்தன. தாம்பரம் 1954 முதல் விமானப்படைப் பயிற்றுநர் பள்ளியின் இருப்பிடமாயிற்று. அரக்கோணம் 1992இல் கடற்படையின் ஐ.என்.எஸ். ராஜாளியாகவும், இராமநாதபுரத்தை அடுத்த உச்சிப்புளி 2009இல் ஐ.என்.எஸ். பருந்தாகவும் மறுபிறப்பு எடுத்தன. தஞ்சாவூர் நெடுங்காலம் தூங்கிக் கிடந்து 2013இல் விமானப்படை நிலையமாகி, 2020இல் சுகோய்-30 போர் விமான அணியைப் பெற்றது. இவ்வாறு படைத்துறையின் கையில் மீண்டும் சேர்ந்தவை பிழைத்தன. சோழவரம், உளுந்தூர்பேட்டை, கயத்தாறு, செட்டிநாடு ஆகியவை அவ்வாறு சேராமல், வெயிலுக்கும் மழைக்கும் சீமைக்கருவேலத்துக்கும் விடப்பட்டன. நாற்புறமும் வயலும் மானாவாரிக் காடும் சூழ்ந்த இத்திடல்களுக்கு இயல்பான வாரிசாக அமைந்திருக்க வேண்டியது, பயிருக்கு வானிலிருந்து மருந்தும் உரமும் தூவும் வேளாண் வானூர்திப் பணியே ஆகும். அப்பணி இந்தியாவுக்கு வந்தது, ஓரளவு வளர்ந்தது, ஆனால் இத்திடல்களில் நிலைகொள்ளாமலேயே மறைந்தும் போயிற்று. அது ஏன் என்பதே இப்பகுதி ஆராயும் பொருள்.

திடல்கள் அமைந்த காலச்சூழலை முதலில் சுருக்கமாக நினைவுகூர வேண்டும். 1942 ஏப்ரல் 5இல் கொழும்பும், 6இல் விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும், 9இல் திருகோணமலையும் ஜப்பானியக் கடற்படை விமானங்களின் தாக்குதலுக்கு உள்ளாயின. அதே மாதம் சென்னை நகரின் மக்கள் பெருந்திரளாக ஊரைக் காலிசெய்து உள்நாட்டுக்குச் சென்றனர், அரசு அலுவலகங்களும் இடம்பெயர்ந்தன. வங்காள விரிகுடாவில் நீர்மூழ்கிகளைத் தேடும் ரோந்துக்கும், பின்னாளில் மலேயாவை மீட்கும் படையெடுப்புக்கும் தென்னிந்தியக் கரையோரம் முழுவதும் தளங்கள் தேவைப்பட்டன. செங்குன்றத்தில் ஏரியின் நீர்ப்பரப்பே கேட்டலினா வகைப் பறக்கும் படகுகளின் இறங்குதளமாக்கப்பட்டது. அங்கிருந்து சில கல் தொலைவில், பெரும் வடக்கு நெடுஞ்சாலையை ஒட்டிய சோழவரத்தில் தரைத்தளம் உருவாயிற்று.

நிலம் எடுக்கப்பட்ட முறை, பின்னாளைய சிக்கல்களுக்கெல்லாம் வித்தாக அமைந்ததால், அதனை விளக்குவது அவசியமாகிறது. 1939ஆம் ஆண்டின் இந்தியப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட விதிகளுள் 75-ஏ என்னும் விதி, தேவையான எந்த அசையாச் சொத்தையும் 'வேண்டுகை' செய்துகொள்ளும் அதிகாரத்தை அரசுக்கு அளித்தது. வேண்டுகை என்பது உடைமையை மாற்றாமல் அனுபவத்தை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். பட்டா உழவர் பெயரிலேயே இருக்கும், நிலத்தின்மேல் தார் ஓடும். கையகப்படுத்தல் என்பது விலைகொடுத்து உடைமையையே பெறுவது. போர்க்கால அவசரத்தில் முன்னது எளிதாக இருந்தது. போர் முடிந்ததும் இவ்வதிகாரம் காலாவதியாகாமலிருக்க 1947இலும், பின்னர் முழுமையாக 1952இலும் தனிச் சட்டங்கள் இயற்றப்பட்டன. ஆயினும் ஒரு முறை ஜல்லியும் தாரும் அமுக்கப்பட்ட மண்ணை ஏர்முனைக்குத் திருப்பித் தருவது, சட்டத்தில் ஒரு வரியாக இருக்கலாமேயன்றி, வயலில் ஒரு தலைமுறைக்கும் நடவாத காரியம்.

அன்றைய பிரிட்டிஷ் விமானப்படை கனரகக் குண்டுவீச்சு விமானங்களுக்கென வகுத்திருந்த அளவின்படி, முதன்மை ஓடுதளம் 2,000 கெஜ நீளமும் 50 கெஜ அகலமும் கொண்டதாக, அதாவது ஏறத்தாழ 1,830 மீட்டர் நீளமும் 46 மீட்டர் அகலமும் உடையதாக இருக்க வேண்டும். திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் தொடங்கிக் கிழக்குக் கடற்கரைச் சாலைவழியே தெற்கே நடந்து கொட்டிவாக்கத்தை எட்டும் தொலைவு கிட்டத்தட்ட இந்த நீளமே என்று கொண்டால், சென்னை வாசகர்களுக்கு அளவு பிடிபடும். அந்தத் தொலைவு முழுதும் ஒரே மட்டத்தில், ஒரு மரமோ கிணறோ வாய்க்காலோ குறுக்கிடாமல் கிடக்க வேண்டும். இரு முனைகளிலும் விமானம் தாழ்ந்து வரும் வழியில் பனையோ தென்னையோ நிற்கக்கூடாது. பக்கங்களில் மழைநீர் வடிகால் வேண்டும். விமானங்களைச் சிதறவிட்டு நிறுத்த வட்டத் திட்டுகளும் அவற்றை இணைக்கும் பாதைகளும் வேண்டும்.

ஏரிப்பாசன நாட்டில் இத்தகைய வெட்டவெளியைத் தேடுவது எளிதன்று. தமிழகத்தின் நஞ்சை என்பது படிப்படியாகச் சரிந்து செல்லும் நிலம். ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் உபரிநீர் அடுத்த ஏரிக்குச் செல்லுமாறு, நூற்றாண்டுகளாகச் சங்கிலித் தொடராகக் கட்டப்பட்டது. அதன் குறுக்கே இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு மேட்டுத்தரை எழுப்பினால் மேல்புறம் வெள்ளமும் கீழ்புறம் வறட்சியும் நேரும். ஆகவே பொறியாளர்கள் பெரும்பாலும் நீர் தங்காத மேட்டுப் புன்செயையே நாடினர். செங்குன்றம் என்னும் பெயருக்கே காரணமான செம்புரைமண், அதாவது இரும்புச்சத்து மிகுந்து காய்ந்தால் கல்லைப்போல் இறுகும் மண், ஓடுதளத்துக்கு நல்ல அடித்தளம். செட்டிநாட்டுச் செம்மண் பூமிக்கும் அதே குணம் உண்டு. இத்தேர்வு பொறியியல் நோக்கில் மிகச் சரியானது. ஆனால் பின்னாளில் வேளாண் விமானம் இத்திடல்களைத் தேடி வராமைக்கும் இதே தேர்வே முதற்காரணமாயிற்று என்பதைக் கீழே காண்போம்.

செட்டிநாட்டுத் திடலில் 1945இன் நடுவில் ஸ்பிட்ஃபயர் போர் விமானங்கள் வந்திறங்கின. 'ஜிப்பர்' என்னும் மறைபெயரால் வழங்கிய மலேயா மீட்புத் திட்டத்துக்காக அவை ஆயத்தமாகிக்கொண்டிருந்தபோதே ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது. செப்டம்பரில் நடந்த தரையிறக்கம் பெரிய எதிர்ப்பின்றியே முடிந்தது. தென்னிந்தியத் திடல்கள் எந்தப் பெரும்போருக்காகக் கட்டப்பட்டனவோ அந்தப் போர் நடக்கவேயில்லை. தார் இன்னும் புதிதாக இருக்கும்போதே தேவை தீர்ந்துபோயிற்று.

சோழவரத்துக்கு ஒரு விசித்திரமான இடைக்கால வாழ்வு வாய்த்தது. 1953இல் தொடங்கப்பட்ட சென்னை மோட்டார் விளையாட்டுக் கழகம், அங்கிருந்த ஓடுதளங்களைக் கார், மோட்டார் சைக்கிள் பந்தயங்களுக்குப் பயன்படுத்தலாயிற்று. போர்க்கால ஓடுதளம் பந்தயத்தடமாவது உலகெங்கும் நிகழ்ந்ததே: இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் போர்க்காலத்தில் குண்டுவீச்சுப் பயிற்சித் தளமாக இருந்த நினைவு மாறாமலேயே 1948இல் பெரும்பந்தயத்தை நடத்தியது, அமெரிக்காவின் சீப்ரிங்கும் ஹெண்ட்ரிக்ஸ் விமானத் திடலே. ஆனால் அவ்விரண்டிலும் பந்தயம் நிரந்தரமாயிற்று. சோழவரத்தில் அவ்வாறன்று. ஆங்கில 'டி' எழுத்தைப் போலக் குறுக்கும் நெடுக்குமாக அமைந்த ஓடுதளங்களில், திருப்பங்களைத் தற்காலிகத் தடுப்புகளால் வகுத்து, ஆண்டில் சில நாள்கள் மட்டும் பந்தயம் நடந்தது. நிலம் பாதுகாப்புத் துறையினுடையது, கழகம் விருந்தாளி. சென்னையிலிருந்து பேருந்திலும் லாரியிலும் சைக்கிளிலும் திரண்ட கூட்டத்துக்குச் சோழவரம் என்றாலே கார்ப் பந்தயம் என்று பொருளாகி, ஏரியையும் விமானத்தையும் அச்சொல் மறந்தது. 1990இல் திருப்பெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் கழகம் தனக்கென 3.7 கிலோமீட்டர் நீளத்தில் தடம் அமைத்துக்கொண்டதும் அந்த விருந்தும் முடிந்தது.

பந்தயம் நடந்த காலத்தில் சோழவரத்தின் தார்ப்பரப்பு அவ்வப்போது செப்பனிடப்பட்டது என்பதைக் கருதினால், ஒரு விமானத் திடல் எதனால் உயிர்வாழ்கிறது என்பது விளங்கும். கோயில் பாழடைந்தாலும் கல் நிற்கும்; ஓடுதளமோ நாள்தோறும் பராமரிக்கப்படும் வெறுமை. தாரிலுள்ள எண்ணெய்ப்பசை வெயிலில் ஆவியாகி உயிர்வளியோடு சேர்ந்து இறுகும்போது மேற்பரப்பு நொறுங்கத் தொடங்குகிறது. விமானச் சக்கரங்களின் அழுத்தம் இல்லாத நிலையில் மயிரிழைப் பிளவுகள் மூடாமல் விரிகின்றன. வடகிழக்குப் பருவமழை அப்பிளவில் இறங்கி அடிப்படுகையை நெகிழ்த்துகிறது. அடைபட்ட வடிகாலில் தேங்கிய நீர் ஓரத்தை அரிக்கிறது. முதலில் அறுகு, பின் ஆவாரை, அதன்பின் ஒரே மழையில் ஆளுயரம் எழும் சீமைக்கருவேலம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் விறகுக்கென இந்தியாவுக்குள் கொணரப்பட்ட இந்த மரத்தின் வேர், சிமெண்டுப் பலகைகளின் இணைப்பிடுக்கில் நுழைந்துவிட்டால், அதனைக் களைவதற்குப் பலகையையே பெயர்க்க வேண்டியிருக்கும். திடல் அழிவதில் பெருநிகழ்ச்சி எதுவும் இல்லை. ஆடு மேய்ப்பவர் மட்டுமே ஆண்டுக்காண்டு வேறுபாட்டைக் கவனித்திருப்பார்.

இனி, வேளாண் வானூர்தி. பயிருக்கு விமானத்திலிருந்து மருந்து தூவும் முயற்சி முதன்முதலில் 1921 ஆகஸ்ட் 3 அன்று அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், டிராய் என்னும் ஊரருகே நடந்தது; படைவிமானியான ஜான் மக்ரெடி, கட்டால்பா மரத்தோப்பைத் தின்ற கம்பளிப்புழுக்களின்மேல் ஈய ஆர்சனேட் தூளைத் தூவினார். சில ஆண்டுகளிலேயே பருத்திக்காய் வண்டை ஒழிக்கத் தொழில்முறை நிறுவனங்கள் எழுந்தன. மிசிசிப்பி ஆற்றுப் படுகையில் பருத்திக்கு மருந்து தூவிய அத்தகைய நிறுவனமொன்றின் வழித்தோன்றலே இன்றைய டெல்டா பயணியர் விமான நிறுவனம். அப்பெயரிலுள்ள 'டெல்டா' மிசிசிப்பியின் வண்டல் நிலத்தைக் குறிக்கும் என்பது பயணச்சீட்டு வாங்குவோரில் பலர் அறியாத செய்தி. 1949 முதல் நியூசிலாந்து இக்கலையை வேறொரு திசையில் வளர்த்தது. அங்கே குன்றுப் புல்வெளிகளுக்குப் பாஸ்பேட் உரம் தேவைப்பட்டது. உழவர்கள் தத்தம் பண்ணைக்குள்ளேயே, சில நூறு மீட்டர் நீளத்துக்குக் குன்றின் முதுகைச் சீவி, சரிவில் ஓடி எழுமாறு புல்தரை ஓடுதளங்களை அமைத்துக்கொண்டனர். வேளாண் ஓடுதளம் என்னும் சொல்லின் சரியான பொருள் இதுவே: வயலுக்குப் பக்கத்தில், ஒரு தெளிப்பு விமானம் வந்து தொட்டியை நிரப்பி உடனே எழும் அளவுக்கு மட்டுமே போதுமான சிறு திடல்.

இந்தியாவில் வானிலிருந்து தெளிக்கும் பணி பாலைவன வெட்டுக்கிளி ஒழிப்போடு தொடர்புடையதாகத் தொடங்கியது. 1946இல் நிறுவப்பட்ட நடுவண் அரசின் பயிர்ப் பாதுகாப்பு இயக்ககம், பின்னர் தனக்கென ஒரு வானூர்திப் பிரிவையும் வைத்திருந்தது. 1960களில் தனியார் நிறுவனங்களும் பருத்தி, கரும்பு, நெல் ஆகியவற்றுக்கு ஒப்பந்தத்தில் தெளிக்கலாயின. தமிழகத்தில் இதற்குரிய களமாக விளங்கியது காவிரிப் படுகை. 1960இல் தஞ்சை மாவட்டம் 'தொகுப்புத் திட்டம்' என வழங்கிய தீவிர வேளாண்மை மாவட்டத் திட்டத்துக்குள் வந்தது; விதை, உரம், கடன், பயிர்ப்பாதுகாப்பு ஆகியவற்றை ஒன்றாகத் தொகுத்து ஒரே மாவட்டத்தில் செறிவாக அளிப்பது அதன் நோக்கம். அப்பத்தாண்டின் நடுவில் ஆடுதுறை 27 என்னும் குறுகியகாலக் குறுவை நெல் பரவியது. தழைச்சத்து மிகுந்த பயிரைப் பூச்சி விரும்பும். ஒரே இரகம் பல்லாயிரம் ஏக்கரில் நிற்கும்போது குருத்துப்பூச்சியும் தத்துப்பூச்சியும் ஊர் எல்லை பாராமல் பரவும். கைத்தெளிப்பானைத் தோளில் மாட்டிச் சேற்றில் நடந்து ஒருவர் ஒரு நாளில் தெளிக்கும் பரப்பு இதற்கு ஈடுகொடுக்காது என்ற கணக்கில், தஞ்சை வயல்களின்மேல் வானிலிருந்து தெளிப்பது தகுந்த தீர்வாகத் தோன்றியது.

கணக்கு ஒரு பக்கம் சரி. மறுபக்கத்தைப் பார்ப்போம். தெளிப்பு விமானம் பயிருக்கு மேலே இரண்டு மூன்று மீட்டர் உயரத்தில், மணிக்கு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். ஓர் ஏக்கர் சதுரமாக இருக்குமானால் அதன் பக்கம் 64 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. விமானம் அதனை ஒன்றரை நொடியில் கடந்துவிடும். 1970-71ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரி நில உடைமை 1.45 ஹெக்டேர், அதுவும் ஒரே துண்டாக இராமல், பாகப்பிரிவினையில் மேலக்காணி, கீழக்காணி என்று சிதறியிருக்கும். ஒருவர் வயலில் நாற்று, அடுத்தவர் வயலில் கதிர், மூன்றாமவர் வயலில் உளுந்து. வரப்பில் தென்னை, வாய்க்கால் கரையில் மூங்கில், 1950கள் முதல் பம்புசெட்டுக்காக ஊரெங்கும் இழுக்கப்பட்ட மின்கம்பி. நடுவே குளம், மீன், மாடு, கொத்துக்கொத்தாய்க் குடியிருப்பு. ஊர் முழுதும் ஒருமனதாக ஒரே நாளில் ஒரே மருந்துக்கு இசைந்தாலொழிய விமானம் பறப்பதில் பொருளில்லை. அப்படி இசைவதென்றால் அரசே கட்டணத்தில் பெரும்பகுதியை ஏற்று, அரசே ஊரையும் நாளையும் குறிக்க வேண்டும். ஆகவே வானூர்தித் தெளிப்பு உழவரின் தேவையாக வேர்விடாமல் துறையின் நடவடிக்கையாகவே நின்றது; நிதி ஒதுக்கீடு உள்ளவரை நடந்தது.

போர்க்காலத் திடல்கள் இதற்கு ஏன் பயன்படவில்லை என்பதற்கு விடையும் இக்கணக்குக்குள்ளேயே இருக்கிறது. தெளிப்பு விமானத்தின் தொட்டி சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் முப்பது நாற்பது கிலோமீட்டர் போய் நிரப்பி வருவதானால், மருந்து தூவும் நேரத்தைவிட வெறுமனே பறக்கும் நேரமே மிகும். போர்த்திடல் இரண்டு கிலோமீட்டர் நீளம்; தெளிப்பு விமானத்துக்கு வேண்டியது அதில் கால் பங்கு. ஒரு மாவட்டத்துக்கு ஒரு பெருந்திடல் இருப்பதைக் காட்டிலும், பத்துக் கிலோமீட்டருக்கு ஒரு சிறுதிடல் இருந்திருந்தால் அத்தொழிலுக்கு உதவியிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, நீர் தங்காத மேட்டுப் புன்செயில் திடல் அமைந்தது. அங்கே விளைந்தவை கம்பு, கேழ்வரகு, மானாவாரி நிலக்கடலை, எள். விமானம் அமர்த்தி மருந்தடிக்கும் அளவுக்கு அன்று பணம் புரண்ட பயிர்கள் அல்ல அவை. மருந்து வேண்டிய நெல்லோ சேற்று நஞ்சையில் நின்றது. அங்கே ஓடுதளத்துக்குக் காய்ந்த தரை கிடையாது. திடல் இருந்த இடத்தில் தேவை இல்லை, தேவை இருந்த இடத்தில் திடல் இல்லை. இந்த முரணை ஹெலிகாப்டர் தீர்த்தது. அதற்குப் பள்ளிக்கூட மைதானம் போதும். தீர்த்த அக்கணமே ஓடுதளத்தின் கடைசி வாய்ப்பும் முடிந்தது.

வானூர்தித் தெளிப்புக்காக இந்தியத் தொழில்துறை தனி விமானமே வடித்தது என்பது இவ்வரலாற்றின் மிகச் சோகமான துணைக்கதை. பெங்களூரின் ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனம் உருவாக்கிய எச்.ஏ.-31 'பசந்த்', 400 குதிரைத்திறன் கொண்ட ஒற்றை எந்திரத்துடன், ஒருவர் மட்டும் அமரும் தெளிப்பு விமானமாக 1972இல் அதன் இறுதி வடிவில் பறந்தது. இந்தியில் இளவேனில் என்று பொருள்படும் பெயர். உற்பத்தி 1980இல் நின்றபோது மொத்தம் 39 விமானங்களே கட்டப்பட்டிருந்தன. இதே நிறுவனம் அதற்கு முன் 'கிருஷக்', அதாவது உழவன், என்னும் பெயரில் கட்டிய விமானமோ வயலைப் பார்த்ததேயில்லை. அது பீரங்கிக்கு இலக்குக் காட்டும் இராணுவக் கண்காணிப்புப் பணியில் ஈடுபட்டது. உழவன் போருக்குப் போக, இளவேனில் வேலையின்றி நின்றது. 1973இன் எண்ணெய் விலையேற்றம் விமானப் பெட்ரோலை எட்டாக் கனியாக்கியதும், தோளில் சுமக்கும் விசைத்தெளிப்பான் மலிவாகக் கிடைக்கத் தொடங்கியதும் இந்த வீழ்ச்சியை விரைவுபடுத்தின. 1981இல் சிற்றூர்களை இணைக்கவெனத் தோன்றிய வாயுதூத் நிறுவனம் வேளாண் தெளிப்பையும் ஒரு கிளையாக நடத்தியது. தஞ்சாவூருக்கும் நெய்வேலிக்கும் அதன் பயணியர் சேவை சிறிது காலம் வந்துபோயிற்று. 1993இல் அந்நிறுவனமே இந்தியன் ஏர்லைன்ஸுடன் இணைக்கப்பட்டு மறைந்தது.

வானூர்தித் தெளிப்பின் நற்பெயரை முற்றாக அழித்தது கேரளத்தின் காசர்கோடு. அங்கே அரசுக்குச் சொந்தமான கேரளத் தோட்டக் கழகத்தின் முந்திரித் தோப்புகளில், தேயிலைக்கொசு எனப்படும் சாறுறிஞ்சும் பூச்சியைக் கட்டுப்படுத்த, 1970களின் பிற்பகுதி முதல் 2000 வரை ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்பான் தெளிக்கப்பட்டது. குன்றும் பள்ளமுமான அப்பகுதியில், தோப்புகளுக்கு நடுவே ஓடைகளும் திறந்த கிணறுகளும் வீடுகளும் இருந்தன. சமவெளிக்கு வகுத்த தெளிப்பு உயரத்தை அங்கே கடைப்பிடிப்பது இயலாத செயல். அவ்வூர்களில் நரம்புக் கோளாறுகளும் பிறவிக் குறைபாடுகளும் மிகுந்து காணப்பட்டதை உள்ளூர் மருத்துவர்களும் மக்களும் தொடர்ந்து எடுத்துரைத்தனர். 2011 மே மாதத்தில் உச்சநீதிமன்றம் எண்டோசல்பானின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் நாடு முழுதும் இடைக்காலத் தடை விதித்தது. 2017 ஜனவரியில், பாதிக்கப்பட்டோர் ஒவ்வொருவருக்கும் 5 லட்சம் ரூபாய் வழங்குமாறு கேரள அரசுக்கு ஆணையிட்டது. இத்தனைக்கும் 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகள், வானிலிருந்து தெளிப்பதைக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே பொதுமக்களுக்கு அறிவிக்க வேண்டும், தெளித்த பகுதிக்குள் ஆளும் மாடும் நுழையாமல் குறித்த காலம் தடுக்க வேண்டும் என்று தெளிவாகவே கூறியிருந்தன. தமுக்கடித்து அறிவித்தாலும் கிணற்றையும் ஓடையையும் மூடிவைப்பது எப்படி என்பதை விதி கூறவில்லை.

இவ்வாறு வேளாண் வானூர்தி ஒதுங்கிய பின், திடல்களின்மேல் வேளாண்மை வேறு வழியில் திரும்பி வந்தது. செட்டிநாட்டில் ஓடுதளத்தை ஒட்டிய பெருநிலப்பரப்பு கால்நடைப் பராமரிப்புத் துறையின் பண்ணையாயிற்று. வேளாண் பல்கலைக்கழகத்தின் மானாவாரி ஆராய்ச்சி நிலையமும் அவ்வட்டாரத்தில் அமைந்தது. ஸ்பிட்ஃபயர் நின்ற பூமியில் மாட்டுக்குத் தீவனப்புல் வளர்ப்பதை வீழ்ச்சி என்பதா, மீட்சி என்பதா என்பது கேட்பவரைப் பொறுத்தது. நிலப்பதிவேட்டில் மட்டும் குழப்பம் தீரவில்லை. பாதுகாப்பு அமைச்சகம், 1995இல் உருவான இந்திய விமான நிலைய ஆணையம், மாநில வருவாய்த்துறை, பயன்படுத்தும் துறை என்று நான்கு கைகளில் ஒரே நிலம் வெவ்வேறு பெயர்களில் பேசப்படும் நிலை, இத்தகைய திடல்களுக்குப் பொதுவானது. 2016இல் உடான் என்னும் வட்டார விமானப் போக்குவரத்துத் திட்டம் அறிவிக்கப்பட்டதும் பழைய பட்டியல்கள் தூசி தட்டப்பட்டன. சேலம் மட்டும் 2018இல் சென்னைச் சேவையைப் பெற்று, இடையில் இழந்து, 2023இல் மீண்டும் பெற்றது. வேலூர் அப்துல்லாபுரத்தின் சிறு ஓடுதளம் அத்திட்டத்தில் சேர்க்கப்பட்டுப் புதுப்பிக்கப்பட்டது. செட்டிநாடும் உளுந்தூர்பேட்டையும் கயத்தாறும் தேர்தல்தோறும் வாக்குறுதியாக எழுந்து, பின் பழையபடி அமைதியடைகின்றன.

வானிலிருந்து தெளிக்கும் பணியோ முற்றிலும் வேறு வடிவில் உயிர்பெற்றுள்ளது. 2021 ஆகஸ்டில் வெளியான ட்ரோன் விதிகள் ஆளில்லா வானூர்தியின் உரிம முறையை எளிதாக்கின. 2023இல் நடுவண் அரசு 15,000 மகளிர் சுயஉதவிக் குழுக்களுக்குத் தெளிப்பு ட்ரோன் வழங்கும் திட்டத்துக்கு ஒப்புதல் அளித்தது. தமிழ்நாடு அரசு 2022இல் ஆளில்லா வானூர்திகளுக்கெனத் தனிக் கழகத்தையே நிறுவி, அதனைக் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் அமர்த்தியது. தொழிலதிபர் சி. இராஜம் 1949இல் நிறுவிய அக்கல்லூரி, தொடக்க நாளிலேயே வானூர்திப் பொறியியலைக் கற்பிக்கத் துணிந்தது. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற ஓடுதளங்கள் புல் முளைத்துக் கிடந்த அதே ஆண்டுகளில் அங்கே விமானம் கட்டும் பாடம் நடந்துகொண்டிருந்தது. பத்து லிட்டர் மருந்து சுமக்கும் ட்ரோன் ஓர் ஏக்கரைப் பத்து நிமிடத்துக்குள் தெளித்துவிடும். 'பசந்த்' ஒன்றரை நொடியில் கடந்த ஏக்கர் அதற்கு ஒரு முழு வேலை. வரப்பு வளைந்தால் அதுவும் வளையும். பக்கத்து வயலில் கதிர் நின்றால் எல்லையில் நின்றுவிடும். தென்னையைச் சுற்றிக்கொண்டு போகும். 2015-16இல் 0.75 ஹெக்டேராகச் சுருங்கிவிட்ட தமிழக நில உடைமையின் அளவுக்கு ஏற்ற முதல் வானூர்தி இதுவே. மின்கலம் தீர்ந்ததும் அது திரும்பி வந்து இறங்குவதற்கு, நெல் தூற்றும் களத்தின் ஒரு மூலை போதும்.

அடுத்த பகுதியில் உளுந்தூர்பேட்டைத் திடல் ஆராயப்படும்.